அம்மா வெட்டிய தவளைக் குட்டை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். எழுதினால் முகத்தைக் காட்ட வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன். ஞாபகமும் அங்கங்கே விட்டுப்போகிறது. முன்னது பின்னதாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாந்தோமில் கடலுக்குப் போகும் சந்து ஒன்றில், வரிசை வீட்டின் கடைசி வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அப்பா அடையாற்றில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தார். அத்தைக்குச் சின்ன வயதிலேயே புருஷன் தவறிவிட்டார், பிள்ளை இல்லை. ஆனால் எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகளில் பாதிக்கு அவள்தான் ஞானத்தாய். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் அத்தையைக் கூப்பிட்டு விடுவார்கள். சரிகை மங்கிய வெள்ளைப் புடவை ஒன்றை அதற்கென்றே மடித்து வைத்திருந்தாள்.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று பட்டணமே காலியான சமயம் அது. மயிலாப்பூரில் தெருத் தெருவாக வீடுகளில் பூட்டுத் தொங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் படுத்துக் கிடந்ததாக அப்பா வந்து சொன்னார். எங்களுக்குப் போக ஊர் கிடையாது. பறங்கிக்காரன் காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் இந்த மணலில்தான் பிறந்தார்கள், இந்த மணலுக்குள்ளேயேதான் போனார்கள். போதாததற்கு அம்மாவுக்கு நிறைமாதம்.

வரிசை வீடுகளின் சொந்தக்காரர் ஒரு பாய். தோல் வியாபாரம் செய்தவர். பின்பக்க முற்றத்தில், சைரன் ஊதினால் எல்லோரும் இறங்கிப் பதுங்குவதற்காக, ஆள் மார்பு ஆழத்துக்கு நீளமாக ஒரு குழி வெட்டி வைத்திருந்தார். மணல் பூமி. வெட்ட வெட்டச் சரிந்துகொண்டே இருந்தது.

அம்மாவுக்கு வலி எடுத்தபோது, வழக்கமாக வருகிற மருத்துவச்சி ஊரைவிட்டுப் போயிருந்தாள். அத்தைதான் பார்த்தாள். ஆண் குழந்தை. மூச்சு இல்லை.

இதை இங்கே விளக்கிச் சொல்ல வேண்டும். உயிர் போகிற குழந்தைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். ஆனால் உயிர் இருக்க வேண்டும். அத்தை ஒரு கையில் செம்போடு நின்றாள். குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். காதை வைத்துப் பார்த்தாள். மறுபடி விரலை வைத்தாள். பிறகு செம்பை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செம்பு தரையைத் தொட்ட சத்தம் கேட்டது.

அந்த வருஷம்தான் நான், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காக, ஞானோபதேசம் மனப்பாடம் செய்திருந்தேன். ஞானஸ்நானம் பெறாமல் போகும் குழந்தைகள் மோட்சம் போவதில்லை, அவர்களுக்கென்று ஓர் இடம் உண்டு, அங்கே வேதனையும் இல்லை, ஆண்டவருடைய முகமும் இல்லை என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். கேள்வி கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதுவாகவே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில், மந்திரித்த மண்ணில், இடம் கிடையாது.

துரை வீட்டுக்குப் புட்டிகள் வந்த சின்ன மரப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா அதில் வெள்ளைத் துணி விரித்துக் குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். கிணற்றடியில் கைகால் கழுவினார்.

"எங்க வெச்சீங்க?" என்று அம்மா படுத்தபடியே கேட்டாள்.

"வெக்க வேண்டிய எடத்துல வெச்சிட்டேன்."

"அதான் எங்கன்னு கேக்கறேன்."

"தெரிஞ்சி இன்னா பண்ணப் போற? தூங்கு."

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியபோது முதலில் பார்த்தது, பின்முற்றத்துக் குழியின் ஒரு முனை மூடியிருந்ததைத்தான். மணல் சரிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். பாயும் அதையே சொன்னார். அம்மா நம்பவில்லை. அந்த முனையில்தான் பிள்ளை இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சண்டை போடவில்லை. துணி காயப்போடும் கொடியை மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து அவிழ்த்து வேறு பக்கம் கட்டினாள்.

வெயில் காலம் போயிற்று. ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் மழை நாலு நாள் பெய்தால் பூமிக்குள்ளிருந்தே தண்ணீர் ஏறி வரும். குழியில் தண்ணீர் நின்றது. ஒரு சாயங்காலம், மழை விட்டிருந்த நேரத்தில், அங்கிருந்து சத்தம் கிளம்பியது.

தேரைகள் ஒரே மூச்சில் கிர்ர்ரென்று இழுப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நடுவில் இன்னொரு குரல். கனமான குரல். ங்ஙே என்று ஒரு தரம். நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி ங்ஙே. அதுவும் ஏதோ தவளை ஜாதிதான் என்று அப்பா சொன்னார். ஆனால் அந்தக் குரலுக்குரியதை நாங்கள் ஒருவரும் கண்ணால் பார்த்ததில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் அடங்கிவிடும். திரும்பி நடந்தால் முதுகுக்குப் பின்னால் தொடங்கும்.

அம்மா அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்து பின்வாசலில் நின்றாள். கூரைச் சொட்டில் முந்தானை நனைந்துகொண்டிருந்தது.

"தண்ணி கேக்கறான்," என்றாள்.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். "யேசு மரி சூசை! இன்னா பேச்சுடி இது? தவள கத்துது."

"தவளதான் அண்ணி. நான் இல்லன்னு சொன்னேனா?" என்றாள் அம்மா. குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு குழியருகே போனாள். தண்ணீரில் புல்லைச் சுற்றி, கண்ணாடிக் கயிற்றில் கறுப்பு மணி கோர்த்த மாதிரி நீளமாகக் கிடந்தது. தேரை முட்டை. "செபமாலை மாதிரி இருக்கும்மா," என்றேன். அம்மா வெகுநேரம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பாய் வந்து, தண்ணீர் நின்று கொசு அடைகிறது, கார்ப்பரேஷனில் குழியை மூடிவிடச் சொல்கிறார்கள் என்றார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, "மூடிக்குங்க பாய். பின்னால ஓரமா ஒரு சின்னக் குட்டை மட்டும் நான் வெட்டிக்கறேன்," என்றாள்.

"குட்டையா? எதுக்கு தங்கச்சி, வாத்து வளக்கப் போறியா?"

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "அந்த மூலையில வெட்டிக்கோ. நான் பாக்கல," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் அம்மா குட்டை வெட்டினாள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், சுவரோரம். பெரிய முறம் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். முழங்கால் ஆழம்கூட இல்லை. மணலில் தண்ணீர் நிற்க வேண்டுமே! மாடவீதிப் பக்கம் பிள்ளையார் பொம்மை செய்து விற்றவரிடம் மீந்துபோன களிமண்ணை அம்மாவே கூடையில் சுமந்து வந்தாள். அத்தைக்கு அது பொறுக்கவில்லை.

"வேதக்காரங்க வூட்டுக்கு புள்ளையார் மண்ணு! சாமியாருக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லுவாரு?"

"மண்ணு எந்த வேதம் அண்ணி?" என்றாள் அம்மா, மிதித்துக்கொண்டே.

நானும் மிதித்தேன். களிமண்ணைப் பிசைந்து குழிக்குள் சுற்றிலும் அப்பி, உள்ளங்கையால் தேய்த்து வழவழவென்று ஆக்கினோம். ஒரு பக்கம் மட்டும் செங்குத்தாக விடாமல் சரிவாக வைத்தாள். கால் முளைத்ததும் அவை ஏறி வெளியே வர வேண்டும் அல்லவா, அதற்கு. உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்து நிழலுக்கு வைத்தாள். குழியிலிருந்து பாசியும் புல்லும் கொண்டுவந்து போட்டாள். கடைசியில் கொட்டாங்குச்சியால் முட்டைச் சரங்களை அறுந்துபோகாமல் மொண்டு மொண்டு இதில் விட்டோம். அடுத்த நாள் பாயின் ஆட்கள் குழியை மூடினார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குட்டையைப் பார்த்தபடி, "ஒண்ணே ஒண்ணு கால் மொளச்சி கரை ஏறட்டும். அது போதும் எனக்கு," என்றாள். எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தண்ணீர் இல்லாமல் போன பிள்ளைக்கு, அந்த இடத்திலிருந்து வெளியே வர ஒரு வழி.

கறுப்பு மணிகள் வால் முளைத்துத் தலைப்பிரட்டையாக நெளிய ஆரம்பித்தன. இனிமேல் பயம் கொசு எண்ணெய்க்காரரிடம்தான். தோளில் டப்பாவோடு வாரத்துக்கு ஒரு தரம் சந்து சந்தாக வருவார். எங்கே தண்ணீர் தேங்கியிருந்தாலும் எண்ணெய் ஊற்றுவார். எண்ணெய் பட்டால் அதில் ஒன்றும் பிழைக்காது. அவர் குரல் சந்து முனையில் கேட்டதும் அம்மா கோழி மூடும் பஞ்சாரத்தை எடுத்துக் குட்டைமேல் கவிழ்த்து, மேலே கோணியைப் போட்டாள்.

"இன்னா யம்மா, பஞ்சாரத்துக்குள்ள இன்னா கீது?"

"கோழி. அட வெச்சிருக்கு."

"கோயியா? சுத்தி சேறா கீதே. இன்னா முட்டை போட்ச்சி, தண்ணி முட்டையா?"

அம்மா தலை குனிந்து நின்றாள். அவர் கோணியின் நுனியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டுவிட்டார்.

"அடுத்த வாரம் வருவேன். அதுக்குள்ள குஞ்சு பொரிச்சி ஓடிரணும். இல்லாங்காட்டி உங்கோயி தலையிலயே எண்ணெ ஊத்திருவேன், ஆமா."

அடுத்த வாரம் வந்தார். "இன்னும் குந்திகினே கீதா? இந்த மாரி சோம்பேறிக் கோயிய நான் பாத்ததே இல்ல தாயே!" என்று கத்திக்கொண்டே தாண்டிப் போனார். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். குழந்தை போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பகலில் இப்படி. பொழுது சாய்ந்தால் வேறு மாதிரி. குழியை மூடிய பிறகும் அந்தக் கனத்த குரல் நிற்கவில்லை. குட்டைப் பக்கத்துச் சுவருக்கடியில் வந்து அழுதது. குண்டு பயத்துக்காக விளக்கைச் சுற்றிக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தோம். தட்டில் மட்டும் வட்டமாக வெளிச்சம் விழும், முகம் ஒருவருக்கும் தெரியாது. அந்த இருட்டில் நாங்கள் நாலு பேரும் பேசாமல் சாப்பிடுவோம். ங்ஙே என்று கேட்டதும் எல்லோருடைய கையும் நிற்கும். ஒரு நாள் அத்தை சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அத்தை அதைத் தவளை என்று சொல்வதை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் விட்டுவிட்டாள். என்னிடம் ஒரு நாள், பேன் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊரான் புள்ளைக்கெல்லாம் நாக்குல உப்பு வெக்கறப்போ ஏந்திகினு நின்னவ நானு. எங்க வூட்டுப் புள்ளைக்கு ஒரு கல்லு உப்பு வெக்கல."

அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தின்போது, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், சாமியார் மந்திரித்த உப்பைக் குழந்தையின் நாக்கில் வைப்பார். குழந்தை முகத்தைச் சுளிக்கும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது அந்த வழக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரு காலைப் பூசைக்கு அத்தை படி நிறையக் கல்லுப்பை மூடி எடுத்துக்கொண்டு போனாள். சாமியார் எதற்கு என்று கேட்டிருக்க மாட்டார். பேய் பிசாசு அண்டாமல் வீட்டு மூலைகளில் தூவ எல்லோரும் மந்திரித்து வாங்குவதுதான். திரும்பி வந்தவள் வீட்டுக்குள் நுழையாமல் பக்கவழியாகப் பின்னால் போனாள். பல் தேய்க்க வந்த நான் பார்த்தேன். அந்தச் சரிகை வெள்ளைப் புடவையைக் கட்டியிருந்தாள். குட்டையின் முன்னால் முழந்தாளிட்டிருந்தாள். பஞ்சாரத்தை எடுத்து ஓரமாக வைத்து, உப்பை ஒரு சிட்டிகை போட்டு ஏதோ சொன்னாள். இன்னொரு சிட்டிகை. பிறகு ஒரு கை. பிறகு அழுதுகொண்டே படியைக் கவிழ்த்துவிட்டாள்.

தலைப்பிரட்டைகளுக்கு உப்பு ஆகாது என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? கடலுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள்தான். உப்பு நல்லது என்றே பழகியவர்கள்.

உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. பின்கால் மொட்டுவிட்டவைகூட இருந்தன. அம்மா பாத்திரம் தேய்க்க வந்தவள் பார்த்தாள். எண்ணெய்க்காரர் வரவில்லையே என்று முதலில் முகர்ந்து பார்த்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

"யார் உப்புப் போட்டது?"

அத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான்தாண்டி. மந்திரிச்ச உப்பு. அவனுக்கு யாருமே வெக்கலையேன்னு வெச்சேன். ஒண்ணும் கெடுதலுக்கு வெக்கல. மாதா மேல ஆணை."

அம்மா அவளைத் திட்டுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டவில்லை. குடத்தை எடுத்துக் குட்டைத் தண்ணீரை மொண்டு சந்துச் சாக்கடையில் கொட்ட ஆரம்பித்தாள். செத்தவற்றைக் கையால் பொறுக்கி ஒரு வாழை இலையில் வைத்தாள். கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் இறைத்து ஊற்றி, களிமண்ணைத் தேய்த்துக் கழுவி, மறுபடி மொண்டு கொட்டினாள். சாயங்காலம் அப்பா வந்தபோதும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

அப்பா குடத்தைப் பிடித்துக்கொண்டார். "போதும் விடு. அவன் இங்க இல்ல."

அம்மா நிமிர்ந்தாள்.

"கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய வெச்சேன். அந்த மாரி கொழந்தைங்கள அங்கதான் வெப்பாங்க. வெளியன்னு உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? அதான் சொல்லல."

மறுநாள் அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். சுவருக்கு வெளியே, முள்ளும் மணலுமாக இருந்த இடத்தில், இப்போது பட்டாளத்து லாரிகள் நின்று திரும்பிய தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பக்கத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அப்பா சுவரோரமாக நடந்தார். "ஒரு கல்லு வெச்சிருந்தேன். இங்கதான்." நாலு எட்டு நடந்தார். "இல்ல, அந்தப் பக்கம்." திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மணலைத் தடவிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்ட பெரிய மனுஷர், ஒரு சாமானைத் தொலைத்துவிட்டவர் மாதிரி, சுவரின் நீளத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அம்மாதான் போய் அவர் சட்டையைத் தொட்டாள். "வாங்க. போலாம்."

சந்து திரும்பும்போது அம்மா சொன்னாள்: "நமக்கு எடம் தெரியல. அவனுக்கு நம்ம வூடு தெரிஞ்சிருக்கு."

அடுத்த வருஷம், மழைக்கு முன்னால், புதுக் களிமண் கூடையை அப்பாவே தூக்கி வந்தார். அத்தை கிணற்றுத் தண்ணீர் இறைத்தாள். ஒவ்வொரு வாளியையும் நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றினாள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். யாரும் சிரிக்கவில்லை. மழை வந்தது, தேரைகள் வந்தன, சரம் சரமாக முட்டை விட்டன. எண்ணெய்க்காரரும் வந்து, "இந்த வருசமும் அதே கோயியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மார்கழி பிறப்பதற்கு முன்பே ஒரு விடிகாலையில் அம்மா என்னை உலுக்கி எழுப்பினாள். அத்தை ஏற்கெனவே அங்கே இருந்தாள். சரிவில், மிளகைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நாலு காலும் இருந்தது. வால் இன்னும் முழுதாக உதிரவில்லை. தொண்டை அடித்துக்கொண்டது. பாதி உடம்பு தண்ணீரில், பாதி மண்ணில். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். அது ஏறியது. களிமண்ணைத் தாண்டி மணலுக்கு வந்தது. துவைக்கிற கல்லின் அடியில் போய் மறைந்தது.

"ஒரு பேரு சொல்லட்டுமா?" என்று அத்தை மெல்லக் கேட்டாள்.

"வேணாம் அண்ணி. பேரு வெச்சா நிப்பான். போவட்டும்."

அன்றைக்குப் பிறகு அம்மா பொழுது சாய்ந்து பின்வாசலில் வந்து நின்றதில்லை. குட்டையைத் தூர்க்கவும் இல்லை, பார்த்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் கனத்த குரல் கேட்டால் அவள் கை சோற்றில் நிற்பது நின்றுபோயிற்று. "கேக்குதாம்மா?" என்று ஒரு தரம் கேட்டேன். "இன்னா கேக்குது?" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது கேட்காமல் போயிருந்தது.

எனக்குத்தான் நிற்கவில்லை. கட்டிக்கொடுத்துத் தேனாம்பேட்டைக்குப் போனேன், அங்கே கேட்டது. மழை விட்ட சாயங்காலங்களில், பஸ் சத்தத்துக்கு நடுவில், ஒரு தரம். நிறுத்தி, மூச்சை இழுத்து, மறுபடி ஒரு தரம். என் பிள்ளைகள் அழுதபோதுகூட நான் முதலில் ஜன்னல் பக்கம்தான் திரும்பிப் பார்த்திருக்கிறேன். அம்மா அவனை அனுப்பிவிட்டாள் என்றால், என்னிடம் வருவது யார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தச் சுவரோரத்தில் அவன் தனியாக இல்லையே! மற்ற வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் கிடந்தார்கள்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். குழி வெட்டியது குழந்தை பிறப்பதற்கு எவ்வளவு முன்னால், லாரிகள் எப்போது வந்தன, எதுவும் எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பக்கத்து விஷயம் தெரிந்த யாராவது இதைச் சரிபார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். முக்கியமாக ஒன்று: கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே அந்த மாதிரிக் குழந்தைகளை வைத்தது எந்தப் பக்கம்? அப்பா கிழக்கே போய் மேற்கே வந்தார். எனக்கு நடக்க முடியவில்லை. யாராவது போய்ப் பார்த்து, எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.